அசையாத மத்யமம்

பவானிபூர், கொல்கத்தா
1 டிசம்பர் 2024, இரவு

என் அன்பு கல்பனா அக்காவுக்கு,

அனு எழுதுகிறேன். நீ வீட்டை விட்டுப் போனபோது எனக்கு ஒன்பது வயது. இப்போது பிளஸ் டூ. என் கையெழுத்துகூட உனக்கு அடையாளம் தெரியாது.

அப்பா தூங்கிவிட்டார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா இருமினால் பேனாவை மூடிவிடுகிறேன். போனில் பேச வழியில்லை. பத்து மணிக்கு அது அப்பாவின் தலைமாட்டுக்குப் போய்விடும். உன் விலாசத்தை லேக் மார்க்கெட் அப்பளக்கடை சுந்தரி மாமிதான் தந்தாள். பதிலை அவள் கடைக்கே அனுப்பு. "அப்பளக் கட்டுக்குள்ள வெச்சுத் தரேன், உங்கப்பா உளுந்து வாடையோட நிறுத்திப்பார், பிரிச்சுப் பார்க்க மாட்டார்" என்றாள்.

அக்கா, நீ தேர்வுக்குப் போன அதே வெளிநாட்டு இசைக் கல்லூரிக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன். ஜனவரியில் இங்கேயே வந்து தேர்வு நடத்துகிறார்கள். பள்ளியில் ரீட்டா மிஸ் இரண்டு வருடமாக எனக்கு மேற்கத்திய வயலின் சொல்லித்தருகிறார். வீட்டில் தெரியாது. மூன்று ஆக்டேவ் ஸ்கேல், ஒரு பயிற்சிப் பாடம், ஒரு கான்செர்ட்டோவின் முதல் பகுதி, எல்லாம் ஸ்வரத் தாளைப் பார்க்காமல், நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். அப்புறம் அங்கேயே ஒரு புதுத் தாளைக் கொடுத்துப் பார்த்து வாசிக்கச் சொல்வார்கள். கடைசியில் காதுப் பரீட்சை. பியானோவில் அவர்கள் வாசிப்பதை நாம் பாட வேண்டும்.

இருப்பது ஒரே வயலின். மாலையில், பௌதி என்று நான் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அண்ணி வீட்டில் நாலு தந்தியையும் மேற்கத்திய சுருதிக்கு மாற்றிச் சாதகம் செய்கிறேன். மாடி ஏறுமுன் மறுபடி நம் சுருதிக்கு, ஸ, ப, ஸ, ப என்று இறக்கிவைக்கிறேன். காலையில் அப்பா எதிரே சம்மணமிட்டு வர்ணம். தந்தி முறுக்கும் பிருடையைத் திருகித் திருகி விரலில் காய்ப்பு.

உன்னைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. அந்தத் தேர்வில் நீ தோற்றாய், அன்றிரவே சண்டை, நீ போய்விட்டாய். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ எதில் தோற்றாய்? அதே இடத்தில் நானும் விழுந்தால் எனக்கும் இந்த வீடு இருக்காதோ என்று பயமாக இருக்கிறது.

உன் தங்கை,
அனன்யா

வடோதரா
11 டிசம்பர் 2024

என் அனுக்குட்டிக்கு,

கடிதத்தில் உளுந்து வாடை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உறைமேல் உன் எழுத்து அம்மாவின் எழுத்து மாதிரியே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் உள்ளே படிக்கவில்லை.

கேட்டதற்குச் சொல்கிறேன். ஸ்கேல் நன்றாக வாசித்தேன். கான்செர்ட்டோவும் பழுதில்லை. காதுப் பரீட்சையில், பியானோவில் ஸ ரி க ம என்று ஏறி ம-வில் நிறுத்தினார் ஒரு வெள்ளைக்கார அம்மாள். நானும் பாடினேன். "மறுபடியும்" என்றார். பாடினேன். "ஸ்வரம் ஆடுகிறது, சும்மா நிறுத்து" என்றார். எனக்கு விளங்கவேயில்லை. நம் வீட்டில் அந்த ம-வை யாராவது சும்மா நிறுத்தி நீ கேட்டிருக்கிறாயா? க-வைத் தொட்டுத் தொட்டு ஆடினால்தானே அதற்குப் பெயரே மத்யமம்! சுருதி நிலையாக இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே இதைத்தான் சொன்னேன். அப்பா சிரித்தார். "அசையாத ஸ்வரம் பொணம்டி. பொணத்துக்கிட்ட போய்ப் பிச்சை கேட்டியா? இனிமே என் வீட்ல உனக்குப் பாட்டு கிடையாது" என்றார். பாட்டில்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? போய்விட்டேன்.

நீ தினமும் ம-வை மட்டும் நிறுத்திப் பழகு. நாக்கில் கல்கண்டு வைத்துக்கொண்டு அது கரையும்வரை அந்த ஸ்வரத்திலேயே நில். சிரிக்காதே, இங்கே என் மாணவிகளுக்கு அப்படித்தான் சொல்லித்தருகிறேன்.

மறக்காமல் சாப்பிடு.
உன் அக்கா,
கல்பனா

பவானிபூர்
8 ஜனவரி 2025, இரவு

அக்கா,

தவறு செய்துவிட்டேன். நேற்று பௌதி வீட்டிலிருந்து வரும்போது தந்திகளை இறக்க மறந்துவிட்டேன். காலையில் பூஜை முடிந்து அப்பாவே என் வயலினை எடுத்து வில்லைப் போட்டார். ஒரே இழுப்பு. அப்படியே நிறுத்திவிட்டார்.

திட்டவில்லை அக்கா. நாலு தந்தியையும் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிறகு வயலினைப் பெட்டியில் வைத்து இரும்பு பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆபீஸ் போய்விட்டார். அம்மா மட்டும், "என்னடி பண்ணித் தொலைச்சே? இன்னொரு பொண்ணையும் நான் தொலைக்கணுமா?" என்று கேட்டாள்.

தேர்வு பத்தொன்பதாம் தேதி. ரீட்டா மிஸ் தன் வயலினைத் தருவதாகச் சொல்கிறார். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு எப்படி வீடு திரும்புவேன்? நீ வா அக்கா. வந்து அப்பாவிடம் பேசு.

அனு

வடோதரா
13 ஜனவரி 2025

அனு கண்ணே,

டிக்கெட் பார்த்தேன். ஹவுரா வரைக்கும் வந்துவிடலாம். அங்கிருந்து பவானிபூருக்கு வர என்னால் ஆகாது. அவர் கூப்பிடாத வாசலில் நான் நின்றால் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும். உன் தேர்வு காணாமல் போகும்.

மிஸ்ஸின் வயலினோடு போ. வீடு மூடிக்கொண்டால் இங்கே ஒரு கட்டில் இருக்கிறது. ம-வை விடாதே.

கல்பனா

பவானிபூர்
26 ஜனவரி 2025, பகல்

என் அன்பு அக்காவுக்கு,

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்குகிறாள்.

தேர்வுக்கு முந்தின நாள் அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். "நாளைக்கு நான் போறேன்ப்பா. சாயங்காலம் வந்தா கதவைத் திறப்பேளா?" என்று மட்டும் கேட்டேன்.

அப்பா ஹார்மோனியத்தை என் முன்னால் தள்ளினார். "அன்னிக்குப் பரீட்சையில அவளைக் கேட்டாளே, அதை என்னைக் கேளு" என்றார். ஸ ரி க ம அழுத்தினேன். அப்பா பாடினார். ம ஆடியது. "ஆடறதுப்பா" என்றேன். மறுபடி பாடினார். தொடையில் கையை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுப் பிடித்துப் பாடினார். மறுபடியும் ஆடியது. உள்ளேயிருந்து அம்மா, "யாருக்கு நாளைக்குப் பரீட்சை?" என்றாள். அப்பா சிரிக்கவில்லை.

"நாப்பது வருஷமாப் பாடறேன். எனக்கே நிக்கலை" என்றார். "அந்தக் குழந்தைக்கு எப்படி நிக்கும்?"

எழுந்து பீரோவைத் திறந்தார். வயலினை எடுத்துக் கொடுத்தார். தந்திகளை அவர் இறக்கவேயில்லை அக்கா. நான் மாற்ற மறந்த மேற்கத்திய சுருதியிலேயே இருந்தது.

தேர்வில் தாளைப் பார்த்து வாசிக்கும்போது ஓரிடத்தில் தடுமாறினேன். காதுப் பரீட்சையில் ம நின்றது. அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெளியே வந்தபோது எதிர்ப் பிளாட்பாரத்தில் அப்பா, குல்லாவும் மஃப்ளருமாக, டீ குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டினேன். பேனாவைக் கேட்டு வாங்கினார். கீழே இருப்பது அவர் எழுதியது.

உன் தங்கை,
அனன்யா

கல்பனா, தினமும் காலையில் பாடிப் பார்க்கிறேன். ம இன்னும் ஆடுகிறது. நீ வந்து கேள்.
அப்பா