குளிர்மலைத் திராட்சை ரசம்

பிரிக்பீல்ட்ஸ்,
12 மே 1934

அன்பு மகனுக்கு,

உன் அம்மா குடிக்கத் தொடங்கிவிட்டாள் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். நான் குடித்தது ஒரே கிளாஸ், அதுவும் சாப்பாட்டோடு.

நீ பிரான்சிலிருந்து அனுப்பிய சிவப்பு ஒயினைத்தான். பிள்ளை பெற்றவர்களுக்கு இங்கே கொடுக்கும் ஒயினைப் போல இனிக்கும் என்று நினைத்தேன். நாக்கில் பட்டதும் புளித்தது. கெட்டுவிட்டதென்று எண்ணி இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, அந்தக் கிளாஸைப் பாழாக்கிக் கொட்டினேன். பிறகுதான் உன் கடிதத்தை ஒழுங்காகப் படித்தேன். குளிர்மலையில் பழம் மெதுவாகப் பழுக்கும், அந்தப் புளிப்புதான் அதன் குணம் என்று எழுதியிருந்தாய்.

மறுபடி ஊற்றி, மிளகுக் கோழியோடு நிதானமாகக் குடித்தேன். வெளிர்ந்த நிறம், நாவல்பழ வாசனை. தொண்டையை எரிக்கவில்லை. அடுத்த வாய்ச் சோற்றுக்கு ஆசை காட்டியது. இனிப்பைக் காட்டி மயக்காத அந்த நேர்மை எனக்குப் பிடித்துவிட்டது.

பக்கத்து வீட்டுச் சாந்தமேரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, இந்த வயசுல சாராயமா?"

"சாராயம் இல்லடி. என் மருமக வீட்டுத் தோட்டத்துத் திராட்சை ரசம்."

"எந்த மருமக? உங்க மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலன்னீங்களே!"

மூன்று வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன். உனக்கும் அது தெரியும்.

என் மருமகளைக் கூட்டிக்கொண்டு வா, ஐயா. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த பிரெஞ்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை. எப்போது வருவீர்கள் என்று இந்த முறை அவளே எனக்குப் பதில் எழுதட்டும். கையெழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும்.

உன் அம்மா