கண்ணாடியைத் தூக்கிய காற்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் இருமல் நின்றுவிட்டது, சமையலறைக் குழாய்தான் இன்னும் சொட்டுகிறது. என் மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை, இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். போன வாரம் வேலையில் கண்ணாடி உடைந்ததைச் சொன்னபோது போனில் "காத்து தள்ளத்தாம்மா செய்யும், உன் கைதான் ஆடியிருக்கும், டாக்டரப் போய்ப் பாரு" என்றாய். எங்கள் சூப்பர்வைசரும் அதையேதான் சொன்னான். அவன் சொன்னது எனக்கு உறைக்கவில்லை, நீ சொன்னது உறைத்தது.

நீ முழுசாகக் கேட்கவே இல்லை, இப்போது படி. செல்போன் திரைமேல் ஒட்டும் மெல்லிய கண்ணாடியைத் துணி விரித்த மேசையில் வைத்து, காற்றைப் பீய்ச்சும் ஏர் கன்னால் தூசி ஊதுவதுதான் பதினோரு வருஷமாக என் வேலை. தூசி முகத்தில் அடிக்கிறதென்று போன மாதம் கன்னின் வாயைச் சுற்றி வட்டமாக ஒரு தட்டை மாட்டினார்கள். அன்றிலிருந்து கன்னை மிகக் கிட்டே கொண்டுபோனால் கண்ணாடி எழும்பித் தட்டோடு ஒட்டிக்கொள்கிறது, கன்னை நகர்த்தினால் கூடவே வருகிறது, விசையை விட்டதும் தரையில் விழுந்து நொறுங்குகிறது. "காத்து இழுக்குது" என்றேன். "அப்போ ஃபேனுக்குக் கீழ உக்காந்தா மேல போய் ஒட்டிக்குவீங்களாக்கா" என்று சூப்பர்வைசர் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சோதித்துக் காட்டினான், ஒரு சாண் தள்ளிப் பிடித்து! அவ்வளவு தூரத்தில் தள்ளத்தான் செய்யும், அது எனக்குத் தெரியாதா? நகத்தின் கனத்துக்கு இடைவெளி இருக்கும்போதுதான் கதை மாறுகிறது.

அம்மா சொன்னால் உனக்கு ஏறாது, நீயே செய்து பார். சின்ன அட்டைத் துண்டின் நடுவில் குண்டூசியைக் குத்து. ஊசி காலி நூல்கண்டின் ஓட்டைக்குள் நிற்கும்படி அட்டையை அடியில் பிடித்துக்கொண்டு மேலிருந்து ஓட்டைக்குள் ஊது, ஊதிக்கொண்டே கையை எடு. மூச்சு முடியும்வரை அட்டை விழாது. அப்பா "கோந்து தடவியிருக்கே" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் தானே ஊதி ஊதி மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். குறுகிய சந்தில் காற்று வேகமாக வெளியே ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, அடியில் சும்மா நிற்கும் காற்று அட்டையை மேலே தாங்குகிறது, இதுதான் என் கணக்கு. தப்பென்றால் எங்கே தப்பென்று எழுது, டாக்டரைப் பார் என்று எழுதாதே.

உடைந்த நாலு கண்ணாடியும் என் கைத்தவறு என்று சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டியிருக்கிறான், நாளைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் என்னைப் பெட்டி மடிக்கும் பக்கம் தள்ளிவிடுவார்கள், என் இடத்துக்கு வருகிறவளும் அதே கன்னைத்தான் பிடிப்பாள், அப்புறம் அவள் கையைக் குறை சொல்வார்கள். யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். மூன்றைத்தான் காற்று தூக்கியது. நாலாவது உடைந்தபோது நான் விசையை அழுத்தவே இல்லை, அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், கை ஆடிவிட்டது. அப்பாவிடம்கூட நாலும் காற்று என்றுதான் சொன்னேன், அதுதான் என்னை உட்கார விடவில்லை. நாளைக் காலை அந்தத் தாளில் நாலை அடித்து ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மற்ற மூன்றுக்கும் அவன் கன்னைக் கிட்டே பிடித்துக் காட்டட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும். ஊதிப் பார்த்துவிட்டு மறக்காமல் எழுது. அட்டை விழுந்தாலும் எழுது.

இப்படிக்கு,
அம்மா