மீன் நாறும் முட்டை

12 ஆகஸ்ட், செவ்வாய்

கீழ் வீட்டு மும்தாஜ் அக்கா காலையில் அவித்த முட்டையைத் தட்டோடு என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு. மாசமா கீற பொண்ணுக்குக் குட்தேன். வாயில வெச்சதும் வாந்தி. இன்னாத்த துன்னுது உன் கோழி?"

முட்டையில் மீன் நாற்றம். நான் போடுவது முட்டைக் கோழித் தீவனம்தான். புரதம் பதினாறு சதவீதம் என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் எதற்கு?

மொட்டை மாடிக்கு ஓடினேன். தீவனத் தட்டு நிறைய மீன் தலையும் குடலும். காசிமேட்டில் மீன் வெட்டும் என் கொழுந்தன் ஒரு வாரமாக எனக்குத் தெரியாமல் கொட்டியிருக்கிறான்.

"மூட்டைத் தீனில இன்னா சத்து கீது அண்ணி? மீனு துன்னாத்தான் முட்ட பெர்சா வரும்" என்று இளித்தான், தடியன்.

அதே முட்டைகளில் மூன்றை உடைத்து ஆம்லெட் போட்டு அவன் முன்னால் வைத்தேன். குமட்டிக்கொண்டு ஓடட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

நாள் முழுக்க மீனிலேயே கிடக்கிற மூக்கு. தட்டை வழித்துத் தின்றுவிட்டுச் சொல்கிறான்:

"இன்னிக்குத்தான் அண்ணி உன் ஆம்லெட்டு ஆம்லெட்டு மாதிரி கீது."