கிழக்கு வேலியின் அடிக்கம்பி குறித்து

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடை நடத்துபவர்,
விளையாட்டுத் திடலின் கிழக்கு வேலிக்கு எதிர்வீடு, மாடிப் பகுதி.

பெறுநர்:
திடல்கள் பராமரிப்புப் பொறியாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: கிழக்கு வேலியைச் சரிசெய்யவும், எனக்கு அனுப்பிய அறிவிப்பைத் திரும்பப் பெறவும் கோருதல் – நான்காவது மனு.

மதிப்பிற்குரிய அய்யா,

1. பிள்ளைகள் விளையாடும் திடலுக்கும் லாரிகள் ஓடும் சாலைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கம்பி வலை வேலி. ஆறு மாதமாக அது தரையோரம் பிய்ந்து கிடந்தது. கையால் தூக்கினால் பெரிய ஆளே நுழைந்து போயிருக்கலாம்.

2. முதல் மனுவில் "வேலிக் கம்பி அறுந்து கிடக்கிறது" என்று எழுதினேன். கம்பி என்ற சொல்லைக் கண்டதும் தங்கள் அலுவலகம் மனுவை மின்சார அலுவலகத்துக்கு அனுப்பியது. ஒருவர் ஏணியோடு வந்து, விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதுவும் அறுந்திருக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டாம் மனுவில் "தூண் சாய்ந்திருக்கிறது" என்றேன். கட்டடப் பிரிவிலிருந்து, திடலில் தூண் வைத்த கட்டடம் ஏதும் இல்லை என்று பதில் வந்தது. மூன்றாம் மனுவில் "வலை பிரிந்திருக்கிறது" என்றேன். கைப்பந்து வலை நல்ல நிலையில் உள்ளதாக விளையாட்டுப் பிரிவு தெரிவித்தது. பாதித் தெருவுக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பவள் நான். எனக்கே இந்தக் கதி. நேரில் வந்து கேட்டபோது எழுத்தர் தலையைத் தூக்காமல், "வேலிதான் இருக்கேம்மா, அப்புறம் எதுக்கு மனு?" என்றார்.

3. சென்ற மாதம் பதினெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, வேலிக்கு அடியில் உருண்ட பந்தின் பின்னால் என் ஒன்பது வயது மகள் தவழ்ந்து போனாள். வலையின் கூர்முனை அவள் கெண்டைக்காலில் குத்தி, கணுக்கால் வரை கிழித்தது. பதினான்கு தையல். காலில் முனை மாட்டியதால் அவள் சாலைக்குப் போகாமல் வேலியடியிலேயே நின்றுவிட்டாள். பந்து மட்டும் சாலைக்குப் போய் லாரிச் சக்கரத்தில் நசுங்கியது. லாரி ஓட்டுநர் இறங்கி வந்து, மாடியிலிருந்து ஓடி வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் மகளின் காலைக் கிழித்ததற்கு நன்றி சொல்வதா, சபிப்பதா என்று தெரியாத நிலைக்குத் தங்கள் வேலி என்னைக் கொண்டுவந்து விட்டது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அவள், "நான் பந்தை விட்டிருக்கணுமாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை, அய்யா.

4. என் கொழுந்தனார் இருபது ஆண்டுகளாக வேலி போடும் வேலை செய்பவர். அவரை அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இந்த மனுவும் ஊர்சுற்றப் போய்விடக் கூடாது என்பதற்காக அதை அப்படியே தருகிறேன்.

மூலையில் இருக்கும் பருமனான கம்பம் மூலைக் கம்பம். வேலியின் இழுப்பு முழுவதையும் தாங்குவது அதுதான். நடுநடுவே நிற்கும் மெல்லியவை இடைக்கம்பங்கள், அவை வலையை நிமிர்த்திப் பிடிப்பதோடு சரி. மூலைக் கம்பத்துக்குக் கான்கிரீட் போட்டு, சாய்வாக ஒரு முட்டும் கொடுக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. வெறும் மண்ணில் நட்டிருக்கிறார்கள், சாய்ந்துவிட்டது.

வலையின் கடைசிக் கண்களில் மேலிருந்து கீழாக ஒரு இரும்புப் பட்டை செருகி, அதை வளையங்களால் மூலைக் கம்பத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஐந்து வளையம் வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கின்றன.

வலையின் அடியோரமாக முனைக்கு முனை இழுத்துக் கட்டுவது அடிக்கம்பி. இதில் மின்சாரம் ஓடாது. இது இல்லையென்றால் வலை பாவாடை ஓரம்போலத் தூக்கிக்கொள்ளும். அறுபது அடி நீளத்துக்கு இது இல்லை.

வலையின் ஓரத்தை மடித்தும் விடலாம், முறுக்கிக் கூராகவும் விடலாம். பிள்ளைகள் புழங்கும் இடத்தில் மேலும் கீழும் மடித்த ஓரம்தான் இருக்க வேண்டும். இங்கே கீழே இருப்பது கூர் ஓரம். அதிகம் பேசாத என் கொழுந்தனார் அதைக் கையில் பிடித்துக் காட்டி, "அண்ணி, இது தெரியாம செஞ்சது இல்ல. வேற எங்கயோ மிஞ்சினதைக் கொண்டுவந்து மாட்டியிருக்காங்க" என்றார்.

5. அடுத்த ஞாயிறு அவரும் நானும் இன்னும் இரண்டு தாய்மார்களும் சேர்ந்து அடிக்கம்பி இழுத்துக் கட்டினோம். கூர்முனைகளை அவர் குறடால் ஒவ்வொன்றாக மடக்கினார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மூலைக் கம்பத்தில் மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை, அது தங்கள் வேலை.

6. நாங்கள் கட்டிய பதினோராம் நாள் தங்கள் அறிவிப்பு வந்தது. பொதுச் சொத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்தேனாம், ஏழு நாளில் அகற்ற வேண்டுமாம். என் கதவு எண் பிசகவில்லை, மாடி என்பதுகூடச் சரியாக இருந்தது. அதில் ஒரு வரி: "வேலியின் அடிக்கம்பி புதிதாகப் பொருத்தப்பட்டுள்ளது." அய்யா, அப்படியானால் அதன் பெயர் தங்கள் அலுவலகத்துக்கு முன்பே தெரியும். அது அங்கே இருக்க வேண்டியது என்பதும் தெரியும். என் மனுக்களைப் படிக்கும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

7. ஆகவே, மூலைக் கம்பத்தைக் கான்கிரீட்டில் நட்டு முட்டுக் கொடுக்கவும், விடுபட்ட மூன்று வளையங்களை மாட்டவும், கூர் ஓர வலையை மாற்றவும், இந்த வேலியைப் பார்த்துச் சரி என்று கையெழுத்திட்டவர் யார் என விசாரிக்கவும், எனக்கு வந்த அறிவிப்பை ரத்து செய்யவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடிக்கம்பியை நான் அவிழ்க்கப் போவதில்லை. அவிழ்த்தே ஆக வேண்டும் என்றால் தாங்களே வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். பிள்ளைகள் எல்லோரும் அப்போது அங்கேதான் இருப்பார்கள்.

இடம்: எதிர்வீடு
நாள்: செப்டம்பர் 12

பதில் கடிதம் வேண்டாம், ஆட்களை அனுப்புங்கள் என்று கேட்கும்,
(கையொப்பம்)
அந்தப் பிள்ளையின் தாய்