புல்லியில் ஒரு சிவப்புக் கோடு

அக்கா,

ஒருத்தரும் நம்பாத ஒரு கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுமானால் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீ இருந்தால், "மொதல்ல கையக் கழுவிட்டு வைலே" என்றிருப்பாய். கழுவியாயிற்று. மண்ணெண்ணெய், சோப்பு, தேங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்தும் கட்டைவிரலை விட்டு நகப்பூச்சு வாசனை போகவில்லை. பேரன் பேத்தி எடுத்த கிழவன் சிவந்த விரலோடு காலை ஆராதனைக்குப் போனால் சபை எப்படிப் பார்க்கும்? போதகர் ஜெபத்தில் பாதியை விழுங்கிவிட்டார். நான் விரலை மறைக்கவில்லை. உயர்த்திப் பிடித்தபடியே பாட்டுப் பாடி முடித்தேன்.

ஊரில் மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டு வாசனை. எனக்கு உன் ஜீப்பின் வாசனை.

அத்தான் இறந்த பிறகு வந்த மழைக்காலம் அது. மலைத் தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட்டை ஏற்றிக் குலசேகரத்தில் இறக்குவதற்கு நீயே வண்டியை எடுத்திருந்தாய். ஒருநாள் வண்டிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. நின்ற இடத்திலேயே உதறியது. மெதுவாகப் போனால் பல் கிட்டியது, வேகம் எடுத்தால் எலும்பு கழன்றது. ஏறும்போது ஆறடியாக இருந்த நான் இறங்கும்போது இப்போதுள்ள உயரத்துக்கு வந்துவிட்டேன். போன உயரம் திரும்பவே இல்லை. ஃபேன் பெல்ட்டுகள் தெறித்துக்கொண்டே இருந்தன. ஒர்க்‌ஷாப்பில் பெல்ட்டை மாற்றினார்கள், என்ஜின் மவுண்டிங்கை மாற்றினார்கள், விட்டிருந்தால் டிரைவரையும் மாற்றியிருப்பார்கள். கடைசியில் மெக்கானிக் செல்வன் கையைத் துடைத்துக்கொண்டு, "என்ஜினு செத்துட்டு அக்கா" என்றான்.

நீ பானட்டைத் திறந்து, என்ஜினின் மூக்கில் சுற்றும் கிராங்க் புல்லியைக் குனிந்து பார்த்தாய். அதற்கு ஹார்மோனிக் பேலன்சர் என்று ஒரு பட்டத்துப் பெயரும் உண்டு. பார்க்க ஒரே சக்கரம். உண்மையில் நடுவில் ஓர் இரும்பு, வெளியில் ஓர் இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையில் ஒட்டிக்கிடக்கும் ரப்பர். என்ஜினின் ஒவ்வொரு உதறலையும் அந்த ரப்பர் வாங்கி விழுங்க வேண்டும்.

உன் மகள் ஷைனியின் நகப்பூச்சுக் குப்பியைக் கொண்டுவரச் சொன்னாய். நடு இரும்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரைக்கும் நேராக ஒரு சிவப்புக் கோடு இழுத்தாய். "ஏறுலே" என்றாய். மலைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் கோடு இரண்டு துண்டாகிக் கிடந்தது. உள்பாதி ஓரிடம், வெளிப்பாதி வேறிடம். ரப்பர் பிடியை விட்டிருந்தது.

"என்ஜினு ஒண்ணும் சாவல்ல," என்றாய். "அதுக்க நடுக்கத்த வாங்கிக்கிட ஆளில்ல. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு நாம் செய்தது நம் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற முட்டாள்தனம். புதுப் புல்லி வெளியூரிலிருந்து வரவேண்டும், நாளாகும் என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரப்பரா நமக்குப் பஞ்சம்? மரத்துக்கு மரம் வடியுதே!" என்றேன். நீயும் சற்று யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாய். இல்லை என்று இப்போது அங்கிருந்து சொல்லாதே. பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, இரண்டு வளையங்களுக்கும் நடுவே ரப்பர் பாலை ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட்டுகளோடு ஷீட்டாக, அவற்றை உலர்த்தும் புகைப்புரையில் தொங்கவிட்டோம். தேன் நிறத்தில் வந்தது. அந்த வருஷம் நம் புகைப்புரையிலிருந்து வெளிவந்த முதல்தரச் சரக்கு அது ஒன்றுதான்.

மாட்டிக்கொண்டு மலையேறினோம். இரண்டாம் வளைவில் வெளி வளையம் கழன்று பறந்தது. இரண்டு பலாப்பழத்தைச் சரிபாதியாகப் பிளந்துவிட்டு ரோட்டில் இறங்கி உருண்டது. குலசேகரம் பஸ்ஸை முந்தியது. கண்டக்டர் விசில் ஊதியும் நிற்கவில்லை. திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு டீக்கடை வாசலில் போய்ச் சாய்ந்து நின்றது.

நீ ரோட்டோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அத்தான் போன பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பச்ச ஷீட்டு வேற, கந்தகம் போட்டு வேகவெச்ச ரப்பர் வேறலே! என்ஜினுக்க சூட்டுல ஷீட்டு அல்வா ஆயிரும், மனசிலாச்சா?" என்றாய். எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். உனக்கும் அப்போதுதான் மனசிலாயிருக்கும்.

புதுப் புல்லி வந்ததும் மாட்டினோம். அதிலும் நீ ஒரு கோடு இழுத்தாய். நான் அதை மறந்தே போனேன்.

வருஷங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாய். நீ கேட்கட்டும் என்று ஷைனி தினமும் முற்றத்தில் ஜீப்பை ஸ்டார்ட் செய்வாள். ஒருநாள் காலை வண்டி உதறியது. ஜன்னல் கண்ணாடி கூட அதிர்ந்தது. நீ கண்ணைத் திறக்காமலே, "கோட்டப் பாருலே" என்றாய். உன் மகன், "மருந்து மயக்கம் மாமா, எதையோ சொல்லுது" என்றான். போதகர் அதற்குப் பொருத்தமாக ஒரு வசனம் தேடிப் பார்த்தார். எனக்கும் விளங்கவில்லை. அதன் பிறகு நீ பேசவில்லை.

உன் அடக்கம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, செல்வன் வந்து ஜீப்பின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான். "உள்ள பேரிங்கு போயிட்டு அண்ணாச்சி. என்ஜினு முடிஞ்சு. எடைக்குப் போடுங்க." இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தலை நரைத்தது, தீர்ப்பு நரைக்கவில்லை.

உன் மகன் துபாய்க்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தான். பழைய இரும்புக் கடை லாரியைச் சனிக்கிழமைக்கு வரச்சொல்லிவிட்டான்.

"வண்டி எனக்கு வேணும்," என்றாள் ஷைனி. "மலையில சின்னத் தோட்டக்காரங்க ஷீட்ட அடுக்கி வெச்சுட்டு நிக்காவ. அம்மைக்குப் பொறவு நான்தான் எடுக்கணும்."

"ஏட்டி, வழியில நின்னா காட்டுல தனியா என்ன செய்வ?"

"அம்மை என்ன செஞ்சாளோ அத."

அவன் என்னைப் பார்த்தான். நான் தமையனையும் தங்கையையும் சமாதானம் செய்கிற வயதுக்காரன், செய்யவில்லை. "மக்களே," என்றேன், "மலைக்குருசடி வரைக்கும் நிக்காம ஏறினா வண்டி அவளுக்கு. நின்னா லாரிய நானே கூப்பிட்டு மாலை போடுதேன்." சரி என்றுவிட்டான். நாங்கள் தோற்கப்போகிற பந்தயம் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஷைனி பானட்டைத் திறந்தாள். புல்லியில் விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. துணியால் துடைத்துக்கொண்டே வந்தவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"மாமா, இது என்ன? நகப்பூச்சா?"

நடு இரும்பில் ஒரு சிறு சிவப்புக் கீற்று. வெளி வளையத்தில், நாலு விரல் தள்ளி, இன்னொன்று. பிசுக்கு அவற்றை ஊறுகாய் மாதிரிக் காத்து வைத்திருந்தது. நீ சொன்ன கோடு அதுதான், அக்கா. அறுந்து கிடந்தது. நான் துண்டால் கண்ணைத் துடைத்தேன். கண்ணில் எண்ணெய் தெறித்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

நாகர்கோவிலுக்குப் போய்ப் புதுப் புல்லி வாங்கிவந்தோம். ரேடியேட்டரை இறக்கினோம், பெல்ட்டைக் கழற்றினோம். நடு போல்ட் அசையவில்லை. ஸ்பேனரில் ஆளுயரக் குழாயைச் செருகி, அதன் மேல் ஷைனி ஏறி நின்றாள். போல்ட் விட்டுக்கொடுத்தபோது எழுந்த சத்தத்தில் பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது.

வேடிக்கை பார்க்க வந்த செல்வன், "சுத்தியல் தரட்டா?" என்றான்.

"வேண்டாம் அண்ணே. அடிச்சா கிராங்குக்குக் கேடு," என்றாள். புல்லர் என்கிற இழுவைக் கருவியைப் பூட்டித் திருகித் திருகி, பழையதைப் பல் பிடுங்குவது போல இழுத்து எடுத்தாள். புதியதை அதன் காடியில் கிராங்கின் சாவிக்கட்டை பொருந்த நேராக வைத்து, முறுக்கி ஏற்றினாள். கிளப்பினாள். முற்றத்துக் கோழி நிமிர்ந்து பார்த்தது, அவ்வளவு அமைதி.

சனிக்கிழமை லாரி வந்து வாசலில் நின்றது. அதன் மூக்குக்கு முன்னாலேயே ஜீப்பை எடுத்தாள். பின்சீட்டில் உன் மகனும் செல்வனும். முன்னால், மந்திரி மாதிரி, நான். பானட்டின் மேல் ததும்பத் ததும்ப ஒரு கிளாஸ் டீ வைத்திருந்தேன். வளைவுக்கு வளைவு ஏறினோம். மலை மேலே சிலுவை நிற்கும் அந்தக் குருசடியில் இறங்கி டீயைக் குடித்தேன், பாலாடை கூடக் கலையவில்லை.

உன் மகன் குருசடிப் படியில் உட்கார்ந்தான். "அம்மை அன்னைக்கு இதத்தானா மாமா சொன்னா?" என்றான். நான் தலையை ஆட்டினேன். வண்டியிலிருந்து சாவியை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

இன்று விடிந்ததும் ஷைனி புதுப் புல்லியில் கோடு இழுத்தாள். நேராக வர என் கட்டைவிரலை அடிமட்டமாக வைத்துக்கொண்டாள். அப்படி வந்ததுதான் இந்த வாசனை. இனி இந்த வீட்டில் எது நடுங்கினாலும் செத்துவிட்டது என்று யாரும் என்னிடம் வந்து சொல்லட்டும். முதலில் கோட்டைக் காட்டு என்பேன்.

சரி, உனக்குப் பொய் பிடிக்காது. புல்லியின் வளையம் பஸ்ஸை முந்தவில்லை, ஓடையில்தான் விழுந்தது. அணை இறங்கவில்லை. டீ என் கையில்தான் இருந்தது, பாதி வேட்டியில் கொட்டியது. ஆனால் குலசேகரம் டீக்கடையில் சொன்னபோது இதையெல்லாம் நம்பினார்கள். அணை இறங்கியதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சத்தியமே செய்தார். கண்ணை மூடிக் கிடந்தவள் ஜன்னலுக்கு அப்பால் உதறிய என்ஜினைக் கேட்டு, "கோட்டப் பாருலே" என்று சொன்னாள் என்றேன். அப்போதுதான் நம்பாமல் எல்லோரும் சிரித்தார்கள்.

அது மட்டும் நடந்தது.