தாடைக்கடியில் ஒரு துண்டு

ஏப்ரல் 7

ராயா, உன் நாய் பன்னுக்கு மூச்சு சரியில்லை. நீ இருக்கும்போதும் குறட்டை விட்டுத்தான் தூங்கும். இது அது இல்லை. அந்தச் சப்பை மூக்கிலிருந்து மரம் அறுக்கிற மாதிரி சத்தம் வருகிறது. உட்கார்ந்த மேனிக்கே தூங்குகிறது. தலை தொங்கினால் திடுக்கென்று முழிக்கிறது. பக்கத்து வீட்டுப் பொன்னழகு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல சளி கட்டியிருக்குடி. காத்துப் படாமப் பொத்தி வையி" என்றார். தைலம் தேய்த்து, உன் கம்பளியைச் சுற்றிவிட்டேன்.

உங்கப்பா வாசலில் நின்று பார்த்தார். "மூஞ்சியே இல்லாத நாயி. எவனுக்காச்சும் குடுத்துத் தொல." அம்புட்டுத்தான். தை மாசம் பழனி ரோட்டில் உன் வண்டியை லாரி அடித்துப் போட்டதிலிருந்து, அவர் வாயைத் திறப்பதே இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான்.

ஏப்ரல் 9

வெங்காய மண்டியில் தரம் பிரித்துவிட்டுச் சாயங்காலம் வந்தேன். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தேன். வந்தால் ஃபேன் ஓடுகிறது. ஜன்னல் திறந்து கிடக்கிறது. கம்பளி கொடியில். பன்னுக்கு வயிறெல்லாம் ஈரம்.

சளி பிடித்த நாய்மேல் தண்ணி ஊற்றுகிறவன் யார்? பூட்டு பூட்டின மாதிரியே இருந்தது. சாவி என்னிடம் ஒன்று, உங்கப்பாவிடம் ஒன்று.

ஏப்ரல் 10

கேட்டேன். "மத்தியானம் நான் எதுக்கு வாரேன்? சவாரி இருக்குல்ல" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஏப்ரல் 13

இன்றைக்கும் ஈரம். பன்னுவின் தாடைக்கடியில் யாரோ துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ரெண்டு முனையையும் உள்ளே சொருகி — நீ சுருட்டுகிற மாதிரியே. நாய்க்குத் தலைகாணியா என்று உன்னைக் கேலி பண்ணுவேனே, அதே மாதிரி. அதில் தாடையை வைத்துச் சத்தமில்லாமல் தூங்குகிறது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நீதான் வந்தியா? பைத்தியக்காரி நான். போனவன் வந்து ஃபேனா போடுவான்?

ஏப்ரல் 16

பொன்னழகு அக்கா சொன்னார்: "ஒம் புருசன் ஆட்டோ தெனம் உச்சி வெயில்ல சந்துல நிக்கிதே. என்னடி, சின்ன வீட்ட உன் வீட்டுக்குள்ளயே வச்சிருக்காரா?" சொல்லிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போ பொய் சொல்லியிருக்கிறார். எதுக்கு? சளியோட இருக்கிறத நனைச்சு நனைச்சு, தானாச் செத்த மாதிரி ஆகட்டும்னா? நீ இதைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, "இந்த வீட்டுல நாயா நானா"ன்னு குதிச்ச ஆளுதானே. அதிலிருந்து நீங்க ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசலையே. சாகுற அன்னைக்கும் பேசாமத்தானே வண்டிய எடுத்துட்டுப் போன. அந்தக் கோவத்த வாயில்லாத சீவன் மேலயா காட்டுறது?

ஏப்ரல் 17

புதுப் பூட்டு வாங்கிவிட்டேன். சாவி என் முந்தானையில்.

ஏப்ரல் 18

எழுத்து கோணிப் போகுது.

காலையில் பன்னுவைக் கம்பளியில் சுற்றி, ஜன்னலைக் கயிறு போட்டுக் கட்டி, புதுப் பூட்டைப் பூட்டிவிட்டுப் போனேன். வெயில் தாங்காமல் மண்டியில் மத்தியானமே வேலையை நிறுத்திவிட்டார்கள். சந்துக்குள் நுழையும்போதே ஆட்டோ நிற்கிறது. கதவில் கொண்டி பெயர்ந்து தொங்குகிறது. உள்ளே தகரக் கூரை அனலாகக் கக்குகிறது. உங்கப்பா தரையில் உட்கார்ந்து பன்னுமேல் குடத்துத் தண்ணியை ஊற்றிக்கொண்டிருக்கிறார். அதன் நாக்கு நாவப்பழ நிறம். கண் செருகிக் கிடக்குது.

"யோவ், இதையும் கொல்லப் பாக்குறியா?"ன்னு கத்திட்டேன்.

'இதையும்' என்று ஏன் சொன்னேன்? உன்னை அவர் கொன்ற மாதிரி.

அவர் திரும்பவே இல்லை. "அந்தக் கம்பளியத் தூர எறி மொதல்ல. சளியுமில்ல கிளியுமில்ல. வேகுது புள்ள, உள்ளுக்குள்ள வேகுது."

ஈரத் துணியோடு தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சப்பை மூக்கு நாய்க்கு மூச்சு போகிற வழியே குறுகலாக இருக்குமாம். நாய் மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளுமாம். மூச்சே திணறினால் சூடு உள்ளேயே நின்றுவிடுமாம். டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே, "இந்த வெயில்ல போர்வை போத்துனது யாரு?" என்று கேட்டார்.

"தெரியாமப் பண்ணிட்டோம்மா" என்றார் உங்கப்பா.

பண்ணிட்டோம்.

ஏப்ரல் 19

பிழைத்துக்கொண்டது. தயிர்சோறு நக்கியது.

ஏப்ரல் 23

"ஏங்க, சொல்லிட்டு வந்து பாத்திருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா, மகன்கிட்டப் பேசாதவன் மகன் நாயக் கொஞ்ச வந்துட்டானான்னு கேப்ப."

கேட்டிருப்பேன்.

மே 5

அக்கினி வெயில் தொடங்கிவிட்டது. மண்டிக்குக் காலையில் மட்டும் போகிறேன். மத்தியானம் பன்னுக்குத் தரையை நனைத்து, நானே துண்டைச் சுருட்டி வைத்தேன். பிரிந்துவிட்டது. தலை சரிந்து, மறுபடியும் அந்த மரம் அறுக்கிற சத்தம்.

சாப்பிட வந்தவர் பார்த்துவிட்டு, "இப்பிடி இல்ல புள்ள" என்று உட்கார்ந்தார். துண்டை உதறிச் சுருட்டி, ரெண்டு முனையையும் உள்ளே சொருகி, தாடைக்கடியில் தள்ளினார். "தொண்ட மடங்கப்படாது. மடங்குனா பைய மூச்சு நிக்கும்." நீ சொல்கிற மாதிரியே இருந்தது, 'மெல்ல' என்பதற்கு நீ சொல்லும் அந்த 'பைய' கூட.

"இத யாருங்க சொல்லிக் குடுத்தா?" என்றேன். பன்னுவின் தலையைத் தடவிவிட்டு, சாப்பிடாமலே ஆட்டோவை எடுக்கப் போய்விட்டார்.

நான் மண்டிக்குப் போன மத்தியானங்களில் நீயும் அவரும் பேசிக்கொண்டுதான் இருந்தீர்களா, ராயா?