பலா மரங்களுக்கு நடுவே டிராக்டர்

14 நவம்பர் 1998, சனி
லிங்கராஜபுரம்

கனகபுரா ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் தோப்புக்கு டிராக்டர் பார்க்க இன்று இவரோடு போனேன். தோப்புக்குள் வண்டி நுழைய இரண்டு பலா மரங்களுக்கு நடுவேதான் வழி. அந்த இடைவெளியைத் துணி காயப்போடும் கயிற்றில் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தார். கடையில் பெரிய வண்டியின் குறுக்கே அதை நீட்டிப் பிடித்தார். வண்டி முடிச்சுக்குள் அடங்கியது. உடனே ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, பலா அடிமரத்துலதானே காய்க்கும்? சித்திரையில ரெண்டு பக்கமும் காய் தொங்குமே, வண்டி எப்படிப் போகும்?"

கடைக்காரர் சிரித்தார். "ஒரு மரத்த எடுத்துடுங்க சார்."

"ஆகல்லப்பா, முடியாது. நான் வெச்ச மரம்" என்று பாதி கன்னடத்தில் சொல்லி இறங்கிவிட்டார். சின்ன வண்டிக்கே சொல்லிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார்: "காய் இல்லாத மாசத்துக்கு மட்டும் பெரிய வண்டி வாடகைக்குக் கெடைக்குமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசம் ஊற்றினேன். அவருடைய இடது கை, தட்டின் விளிம்பை ஸ்டீயரிங் போலப் பிடித்திருந்தது.